குழந்தைகளுக்கான ஆஸ்துமா ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகும் லேப் ஒன்றின் குழந்தைகள் ஆஸ்துமா–அலர்ஜி பேக்கேஜை என் மகளுக்காக எடுத்தோம். அவசரமாகப் படிப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுத்த விதத்துக்கு முழு மதிப்பெண். பரிசோதனை செய்த தரத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்த ஒரு பச்சை டிக், வீசிங் உள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களைத் தப்பான முடிவுக்குக் கொண்டுபோய்விடக் கூடியது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். லேப்பின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி பேக்கேஜ் நிறைய இடங்களில் விற்கிறார்கள், எங்கே எடுத்தாலும் கவனிக்க வேண்டியவை இவைதான்.

மகளுக்கு ஏழு வயது. ஐப்பசி மழை ஆரம்பித்தால் இருமல், மார்கழிப் பனியில் ராத்திரித் தூக்கம் கெட்டு மூச்சிரைப்பு, போகிப் புகைக்கு நெபுலைசர் என்று சென்னையில் வருஷா வருஷம் இதே கதை. தினமும் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்துத் தடுப்பு இன்ஹேலர் கொடுக்கிறோம். அந்த பஃப்பை இதே அளவில் வைத்திருப்பதா, கூட்டுவதா என்று முடிவு செய்வதற்கு முன்னால் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தது மூன்றே மூன்று: ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு வகையின் எண்ணிக்கையோடு சி.பி.சி. (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), அலர்ஜியோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவு, வீட்டுத் தூசியில் இருக்கும் மைட் பூச்சிக்கும் கரப்பான்பூச்சிக்குமான ஐஜிஇ. ஆப்பில் இவற்றைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் மூவாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது, பேக்கேஜ் விலையும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது, அதனால் பேக்கேஜையே எடுத்தோம். கூடுதலாக அதில் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, அப்புறம் வைட்டமின் டி, அப்புறம் சாப்பாட்டுப் பொருள்களுக்கான அலர்ஜி வரிசை ஒன்று.

ரத்தம் எடுக்க வந்த தம்பியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வந்ததும் பையைத் திறக்கவில்லை. பாப்பாவிடம் எந்த வகுப்பு, எந்தக் கையால் எழுதுவாய் என்று கேட்டுவிட்டு, எழுதாத கையைத்தான் எடுத்தார். பெரியவர்களுக்குப் போடும் ஊசி இல்லை, இரண்டு பக்கமும் சிறகு மாதிரி பிடி வைத்த மெல்லிய பட்டர்ஃபிளை ஊசி, குழந்தைகளுக்கான சின்னக் குழாய்கள். நான் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, மரத்துப்போகச் செய்யும் கிரீமை மருந்துக் கடையில் வாங்கி முழங்கையின் உள்பக்கம் தடவி மேலே ஒட்டி வைத்திருந்தேன். அது வேலை செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும், ஊசிக்குப் பத்து நிமிஷம் முன்னால் தடவிப் பிரயோஜனம் இல்லை. அவர் அதைத் துடைத்துவிட்டு, "அக்கா, நீங்க பாப்பாவை மடியில வச்சுக்கோங்க, படுக்க வைக்க வேண்டாம், பயந்துடுவாங்க" என்றார். ஊதா மூடிக் குழாயை எடுத்ததும் மெதுவாக எட்டு பத்துத் தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார். அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருக்கும், சரியாகக் கலக்காவிட்டால் சின்னச் சின்ன உறைகட்டி விழுந்து எண்ணிக்கையே கெட்டுவிடும், மறுபடியும் பிள்ளையைக் குத்த வேண்டி வரும். அவசரப்படாமல் செய்தார். குழாயில் பெயரை எங்கள் கண் முன்னாலேயே ஒட்டி, படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

இதற்கு முந்தின நாள் இரவு ஆப்பிலிருந்து ஒரு மெசேஜ், பத்து மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு! சி.பி.சி.க்கோ ஐஜிஇக்கோ சிஆர்பிக்கோ வெறும் வயிறு தேவையே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் அவர்களும் அதையே படித்துக் காட்டினார்கள். வந்த தம்பிதான் இந்த டெஸ்டுக்கெல்லாம் சாப்பிட்டிருக்கலாமே அக்கா என்றார். எல்லாருக்கும் ஒரே மெசேஜைத் தட்டிவிடும் பழக்கத்தை இவர்கள் விட வேண்டும். பசியில் இருக்கும் பிள்ளை ஊசிக்கு இன்னும் முரண்டுதான் பிடிக்கும்.

அதை விடப் பெரிய குறை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதது. புக் செய்யும்போது சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு மாத்திரை எடுக்கிறாரா என்றெல்லாம் ஒரு படிவம் வந்தது. சமீபத்தில் ஸ்டீராய்டு சிரப்போ மாத்திரையோ கொடுத்தீர்களா என்று மட்டும் எங்கேயும் இல்லை. வீசிங் அதிகமானால் குழந்தைகளுக்குச் சில நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம், அது உள்ளே போன சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஈசினோஃபில் மடமடவென்று இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எடுத்த ரத்தத்தில் எண்ணிக்கை அழகாக நார்மல் என்று வரும், அதை நம்பவே கூடாது. எங்கள் டாக்டர் இதை முதலிலேயே சொல்லி, சிரப் முடிந்து கொஞ்ச காலம் போகட்டும் என்று காத்திருக்கச் சொன்னார். அது மட்டுமில்லை, நாளின் நேரத்தைப் பொறுத்தும் இந்த எண்ணிக்கை ஏறி இறங்கும். உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் உச்சத்தில் இருக்கும் காலையில் குறைவாகவும் ராத்திரியில் அதிகமாகவும் இருக்கும், அதனால் போன தடவை காலையில் எடுத்திருந்தால் இந்தத் தடவையும் காலையிலேயே எடுங்கள். சளிக்குக் கொடுக்கும் செட்ரிசினை இந்த ரத்தப் பரிசோதனைக்காக நிறுத்த வேண்டியதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டுக்குத்தான் அதை நிறுத்தச் சொல்வார்கள்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். சி.பி.சி. அன்று மாலையே வந்துவிட்டது, அலர்ஜி வரிசை வரக் கொஞ்சம் தாமதம். எல்லாம் சேர்ந்து பக்கம் பக்கமாக ஒரு பிடிஎஃப். முதல் பக்கத்தில் ஒரு மனித உருவப் படம், சுற்றிலும் கட்டங்கள், கல்லீரல் மாதிரி பரிசோதிக்கவே செய்யாத உறுப்புக்கும் ஒரு கட்டம். அதில் இன்ஃபிளமேஷன், அதாவது அழற்சி, என்ற கட்டத்தில் பெரிய பச்சை டிக் போட்டு, நார்மல் என்று எழுதியிருந்தது. இந்தப் பச்சை டிக் எதை வைத்து வந்தது என்று தேடினால் சிஆர்பியும் ஈஎஸ்ஆரும் அளவுக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான். மூன்றாவது பக்கத்தில், சிவப்பு எழுத்தில், ஈசினோஃபில் அளவுக்கு மேல்.

இது சின்ன விஷயம் இல்லை. ஆஸ்துமா என்பதே மூச்சுக்குழாயில் நாள்பட்ட அழற்சி. தினமும் கொடுக்கும் இன்ஹேலர் ஸ்டீராய்டு அந்த அழற்சியை அடக்கத்தான். சிஆர்பி கல்லீரலில் உண்டாகிற ஒரு புரதம். 1930-ல் நியுமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது, பாக்டீரியா தொற்று மாதிரி உடம்பு முழுக்கக் கிளம்பும் அழற்சியில்தான் அது விறுவிறுவென்று ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சலோடு இரைப்பு வந்தால் நியுமோனியாவாக இருக்குமோ என்று பார்க்க டாக்டருக்கு அது உதவலாம். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் ஈசினோஃபில் குவிந்து கிடக்கிற பிள்ளைக்குக்கூட சிஆர்பி சாதாரணமாக இருக்கலாம், எடை கூடுதலாக இருக்கிற பிள்ளைக்கு ஆஸ்துமாவே இல்லாமலும் லேசாக ஏறியிருக்கலாம். ஈஎஸ்ஆரும் அப்படித்தான், ரத்தசோகை இருந்தாலே ஏறிவிடும். இவை இரண்டையும் வைத்து ஒரு ஆஸ்துமா பேக்கேஜில் அழற்சி இல்லை என்று பச்சை டிக் போட்டால், ஏற்கெனவே இன்ஹேலருக்குப் பயந்து எப்போது நிறுத்தலாம் என்று காத்திருக்கும் குடும்பங்களில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியும். எங்கள் வீட்டிலேயே அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் என் மாமியார், "அதான் ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கானே, அந்த பஃப்பை விட்டுடலாமே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் படுகிற இடத்தில் பெரிதாகப் போட்டதைத்தானே படிப்பார்கள்.

இப்போது அந்த மூன்றாம் பக்கம். மொத்த பேக்கேஜில் விலை குறைந்த பரிசோதனைகளில் ஒன்றான சி.பி.சி.யிலிருந்து வருவதுதான் இருப்பதிலேயே பயனுள்ள எண். ஈசினோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. 1879-ல் ஜெர்மனியில் பால் எர்லிக், ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்கும் அணுக்களைக் கண்டு வைத்த பெயர். நம் ஊரில் "ஈஸ்னோபீலியா இருக்குன்னு டாக்டர் சொன்னார்" என்று தும்மல், இரைப்பு எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். மகளுக்கு மொத்த வெள்ளை அணுக்கள் 9,600, அதில் ஈசினோஃபில் 7.2 சதவீதம், பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 690. பொதுவாக 500 வரை நார்மல் என்று போடுவார்கள். சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், மொத்த அணுக்கள் கூடியிருக்கும்போது சின்னச் சதவீதம்கூடப் பெரிய எண்ணிக்கையாக வரும்.

இந்த எண்ணை வைத்து ஆஸ்துமா உண்டு, இல்லை என்று தனியாக யாரும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கும்போது நிறையச் சொல்லும். அடிக்கடி வீசிங் வரும் சின்னக் குழந்தைகளில் யாருக்குப் பின்னாலும் ஆஸ்துமா தொடரும் என்று கணிக்க, அமெரிக்காவில் டூசான் நகரக் குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2000-ல் வெளியிட்ட அளவுகோலில் ஈசினோஃபில் 4 சதவீதமும் அதற்கு மேலும் என்பது ஒரு அம்சம், பெற்றோருக்கு ஆஸ்துமா, குழந்தைக்குக் கரப்பான் எனப்படும் எக்சிமா தோல் நோய் என்பவை பெரிய அம்சங்கள். 2016-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று விதமான வைத்தியத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மைக்ரோலிட்டருக்கு 300-ம் அதற்கு மேலும் ஈசினோஃபில் இருந்து, தூசி, பூஞ்சை, செல்லப்பிராணி போலக் காற்றில் வருகிற ஏதாவது ஒன்றுக்கு அலர்ஜியும் இருந்த பிள்ளைகளுக்குத் தினசரி இன்ஹேலர் ஸ்டீராய்டுதான் நன்றாகக் கேட்டது. பிரிட்டனில் 2024 நவம்பரில் வந்த வழிகாட்டியில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சுப் பரிசோதனைகளில் விடை கிடைக்காவிட்டால் கூடுதலான ஐஜிஇயும் 500-க்கு மேற்பட்ட ஈசினோஃபிலும் சேர்ந்திருந்தால் ஆஸ்துமா என்று உறுதி செய்யலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். சில நூறு ரூபாயில் எந்த ஊரிலும் எடுத்துவிடக்கூடிய ஒரு சி.பி.சி. இவ்வளவு சொல்கிறது. அதைப் பின்பக்கத்தில் தள்ளிவிட்டு சிஆர்பிக்கு டிக் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. இங்கே ஈசினோஃபில் கூடினால் அலர்ஜி மட்டும் காரணம் இல்லை, வயிற்றுப் புழுவும் காரணம். எங்கள் டாக்டர் முதலில் கேட்டதே, பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் பாப்பா விழுங்கினாளா என்றுதான். எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டி, ராத்திரி இருமலும் இரைப்புமாக இருந்தால் யானைக்கால் நோய்க் கிருமியால் வரும் நுரையீரல் ஈசினோஃபீலியாவையும் பார்க்க வேண்டும், அது ஆஸ்துமா மாதிரியே இருக்கும், வைத்தியம் முழுக்க வேறு. ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வைட்டமின் டி பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது.

லேப் தரத்தைப் பற்றி ஒன்று. சின்ன லேப்களில் சில இடங்களில் இருப்பது வெள்ளை அணுக்களை மூன்றாக மட்டும் பிரிக்கும் மெஷின், அது ஈசினோஃபிலைத் தனியாக எண்ணாது, நடுத்தர அணுக்கள் என்ற ஒரே தலைப்பில் மற்றதோடு சேர்த்துவிடும். அப்படியென்றால் யாராவது ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் எண்ணியாக வேண்டும். ஐந்தாகப் பிரிக்கும் மெஷினா என்று தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டேன், ஆமாம் என்றார்கள், ஸ்லைடிலும் பார்த்ததாக ரிப்போர்ட்டிலேயே குறிப்பு இருந்தது. லேப்களின் தரத்துக்குக் கொடுக்கும் என்ஏபிஎல் அங்கீகாரமும் உண்டு. இந்தப் பகுதியில் எனக்கு முழுத் திருப்தி.

ஐஜிஇ. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும் சுவீடனில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த எதிர்ப்புப் புரதம் இது. மகளுக்கு மொத்த ஐஜிஇ வயதுக்குரிய அளவைவிட நன்றாகவே கூடுதல். குழந்தைகளுக்கு இந்த அளவு வயதுக்கு வயது மாறும், பெரியவர்களின் அளவை வைத்துப் பார்க்கக் கூடாது, இந்த லேப் வயதுவாரியாகப் போட்டிருந்தது நல்ல விஷயம். தூசி மைட்டுக்குத் தெளிவாக உயர்வு, கரப்பான்பூச்சிக்கு ஓரளவு. டாக்டருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மெத்தை, தலையணை உறைகளை வாரம் ஒரு தடவை நல்ல சுடுதண்ணீரில் துவைக்கச் சொன்னார், பொம்மைகள் படுக்கையை விட்டு வெளியேறின.

பிரச்சினை சாப்பாட்டு வரிசையில். கோதுமை, நிலக்கடலை, முட்டை என்று சிலவற்றில் மிக லேசான உயர்வு, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஆரஞ்சுப் புள்ளி, கீழே தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று அட்டவணை. அப்புறம் அவர்களுடைய உணவு ஆலோசகர் என்று ஒருவர் போன் செய்து, முட்டையையும் பாலையும் மூன்று மாசம் நிறுத்திவிட்டு மறுபடி பேக்கேஜ் எடுத்துப் பாருங்கள் என்றார். பால் அந்தப் பட்டியலிலேயே இல்லை. என் மகள் முட்டை தோசையும் கடலை மிட்டாயும் எப்போதும் சாப்பிடுகிறவள், ஒரு தடவைகூடத் தடிப்போ வாந்தியோ இரைப்போ வந்ததில்லை. ரத்தத்தில் ஐஜிஇ தெரிவது உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி, சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்பதற்கு இல்லை. சாப்பிட்டு ஏதாவது ஆகியிருந்தால்தான் அந்த உணவுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும், பிரச்சினையில்லாமல் சாப்பிடுவதை ஒரு புள்ளியைப் பார்த்து நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே நம் வீடுகளில் வீசிங் பிள்ளைக்கு வாழைப்பழம் கிடையாது, தயிர் கிடையாது, ஆரஞ்சு கிடையாது. இதில் முட்டையும் பாலும் கோதுமையும் போனால் வளர்கிற பிள்ளை எதைத்தான் சாப்பிடும்? வேறு சில பேக்கேஜ்களில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கிறோம் என்று இன்னும் அதிக விலைக்கு விற்கிறார்கள். அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னும் நவீனமான மார்க்கர் என்று ஈசிபி, பெரியோஸ்டின் பற்றி யாராவது சொன்னால், குழந்தைக்கு அவற்றுக்காகச் செலவழிக்க அவசியம் இல்லை. ஈசிபி ஈசினோஃபில் வெளிவிடும் புரதம்தான், ஆனால் எடுத்த ரத்தம் குழாயில் எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் உறைந்தது என்பதைப் பொறுத்தே அளவு மாறிவிடும். பெரியோஸ்டின் வளரும் எலும்பிலிருந்தும் வருவதால் பிள்ளைகளுக்கு எப்படியும் கூடுதலாகத்தான் இருக்கும். ஊசியே இல்லாமல் மூச்சை ஊதச் சொல்லி நைட்ரிக் ஆக்சைடு பார்க்கும் ஃபீனோ பரிசோதனையும், ஐந்தாறு வயதுக்கு மேல் ஊதும் காற்றின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. அவற்றை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், பேக்கேஜில் அவை வராது.

பச்சை டிக் பற்றியும் போன் ஆலோசனை பற்றியும் லேப்புக்கு விவரமாக எழுதினேன். உணவு அட்டவணையில் டாக்டரைக் கேட்டு முடிவெடுக்கவும் என்று ஒரு வரி சேர்க்கிறோம் என்று பதில் வந்தது, முதல் பக்கத்தைப் பற்றி, எல்லாருக்கும் ஒரே வடிவம்தான், மென்பொருள் தானாகப் போடுகிறது என்றார்கள். குழந்தைகள் ஆஸ்துமா என்று பெயர் வைத்துத் தனியாக விற்கத் தெரிந்தவர்களுக்கு, அதற்கென்று ஒரு முதல் பக்கம் செய்வது முடியாத காரியம் இல்லை.

மதிப்பெண் போட்டால்: வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்ததற்கு ஐந்துக்கு ஐந்து, பரிசோதனைத் தரத்துக்கு நாலரை, ரிப்போர்ட் வடிவத்துக்கு ஒன்று, அந்தப் போன் ஆலோசனைக்கு ஒன்றும் இல்லை.

மகளுக்கு பஃப்பின் அளவை டாக்டர் கொஞ்சம் கூட்டியிருக்கிறார், பிடிக்கும் முறையையும் மறுபடி சொல்லிக் கொடுத்தார். அடுத்து எடுக்கச் சொன்னது சி.பி.சி. மட்டும், ஐஜிஇயைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம் என்றுவிட்டார். அதை இதே லேப்பில்தான் கொடுக்கப்போகிறேன். ஆப்பில் தேடினால் பேக்கேஜ்கள்தான் வரிசையாக முதலில் வரும், கீழே தள்ளிக்கொண்டே போனால் தனிப் பரிசோதனைகள் இருக்கும். அங்கே சி.பி.சி. என்று மட்டும் போட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் குழந்தை, சின்ன ஊசி வேண்டும் என்று எழுதுங்கள். கடைசியாக ஸ்டீராய்டு சிரப் கொடுத்த தேதியை, அவர்கள் கேட்காவிட்டாலும், அதே இடத்தில் போட்டுவிடுங்கள்.